நாத்தனார் முடிச்சும் அமெரிக்க ஆடிட்டரும்

அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்துக்கு ஆடிட்டராக யார் வந்தால் எனக்கென்ன என்று கேட்கக்கூடிய ஆள்தான் நான். அந்த வருஷம் அப்படிக் கேட்க முடியாமல் போய்விட்டது. போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில், எங்கள் தெருவில், அந்த ஆடிட்டர் தேர்தலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத வீடே இல்லை. மீன்காரர்கூட வண்டியை நிறுத்தி, "க்யா ஹுவா சாப், மூச்வாலா ஆகே ஹை?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனைக் காட்டினார். மீசைக்காரர் முன்னணியில் இருக்கிறாரா என்று கேட்கிறாராம். இத்தனை கூத்துக்கும் மூலகாரணம் என் மகனின் கல்யாணம்.

என் மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஏறினால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. அவனுக்குச் சிப்பிகாட்டில் பாக்குத் தோட்டமும் காய்கறியும் வைத்திருக்கும் ஒரு நல்ல குடும்பத்தில் பெண் அமைந்தது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் நாள் குறித்தோம். அதை விட்டால் மார்கழி, மார்கழியில் நம்மவர்கள் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். தை பிறப்பதற்குள் அவன் லீவு முடிந்து கப்பலேறிவிடுவான். ஆகவே அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு இருந்தது.

மகள் அவனுக்கு மூத்தவள், ஒரே அக்கா. கல்யாணமாகி அமெரிக்கா போனவள் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. முதலில் விசா, அப்புறம் கொரோனா, அப்புறம் குடியுரிமைப் பேப்பர், அப்புறம் வேலை. எங்கள் வழக்கப்படி தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் நாத்தனார், அதாவது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள், போட வேண்டும். அவள் வர முடியாவிட்டால் ஒன்றுவிட்ட தங்கை யாராவது போடலாம், ஊரில் நடக்காததில்லை. என் மனைவியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கையில இன்னொருத்தி கை எதுக்குங்க? அவ வந்து முடிச்சுப் போட்டாத்தான் கல்யாணம். இல்லைன்னா அவன் கப்பல்லயே சாமியாரா இருந்துட்டுப் போகட்டும்."

அவள் சொன்னதில் பாதிதான் தாலி. மீதி, மகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு. எனக்கும் அதே தவிப்புத்தான். அவள் முடிச்சைச் சாக்காக வைத்துக்கொண்டாள், எனக்குச் சாக்குகூட இல்லை.

மகளுக்கு வாய்த்த வேலைதான் வில்லங்கம். அங்கே ஒரு ஜில்லாவின் தேர்தல் ஆபீஸில் அவளுக்கு உத்தியோகம். அந்த வருஷம் அவர்கள் ஊரில் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சேர்த்து ஒரே நாளில் தேர்தல். ஐப்பசியில் ஒரு நாள் போனில் வந்தாள்.

"அப்பா, டிக்கெட் போட்டுட்டேன். ஆனா ஒரு விஷயம். ரிசல்ட் சர்டிஃபை ஆகணும்."

"அப்படின்னா?"

"எண்ணி முடிச்சு, சரிபார்த்து, இதுதான் முடிவுன்னு கையெழுத்துப் போட்டு அறிவிக்கணும். அதுவரைக்கும் எங்க ஆபீஸ்ல யாருக்கும் லீவு கிடையாது. எல்லாம் ஒழுங்காப் போனா முகூர்த்தத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடும். ஆனா மாநிலம் பூராவுக்கும் உள்ள ஏதாவது ஒரு பதவியில வித்தியாசம் ரொம்பக் கம்மியா வந்து, தோத்தவங்க திரும்ப எண்ணச் சொல்லிட்டாங்கன்னு வைங்க, அத்தனை ஓட்டுச்சீட்டையும் மறுபடி எண்ணணும். அப்ப நான் வர முடியாதுப்பா."

"யாரு ஜெயிக்கணும்னு சொல்லு. அம்மா வேண்டிக்கட்டும்."

"யாரு வேணா ஜெயிக்கட்டும். நல்லா ஜெயிக்கட்டும். அவ்வளவுதான்."

நான் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். கல்யாணப் பத்திரிகையை நீட்டிக் கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். சீட் இருந்தால் கொடுத்தேன், இல்லாவிட்டால் "சீட் நஹீ ஹை" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இப்போது வேறு யாருடைய ஜன்னலுக்கு முன்னாலோ பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஜன்னலோ எந்தக் கண்டத்தில் இருக்கிறதென்று வரைபடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

மாதிரி ஓட்டுச்சீட்டு ஒன்றை மகள் படம் எடுத்து அனுப்பினாள். கல்யாண மளிகைச் சிட்டைபோல நீண்டு கிடந்தது. ஜனாதிபதி, செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர், கவர்னர், பொருளாளர், ஆடிட்டர் என்று போய்க்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுச் சேட்டனிடம் காட்டினேன். சேட்டன் மலையாளி. மர மில்லில் யூனியன் நடத்தி ரிட்டையர் ஆனவர். இன்றும் வாசலில் ஒரு சின்னச் செங்கொடி வைத்திருக்கிறார். தேர்தல் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

"கவர்னருக்கே வோட்டா?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஹமாரா கவர்னர் தோ டெல்லிலேர்ந்து ப்ளேன்ல வந்து எறங்கறார், பாயி!"

"ஆடிட்டருக்கும் வோட்டு, சேட்டா."

"ஆடிட்டர் ஓட்டுக் கேட்டு வீடு வீடா வருவாரா? வந்து என்ன சொல்லும்? உங்க கணக்கைச் சரியாப் பாக்கறேன்னா?"

எங்களுக்குச் சட்டசபை கிடையாது, முதலமைச்சர் கிடையாது. இத்தனை தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. நானே எத்தனையோ தடவை தேர்தல் டியூட்டி பார்த்திருக்கிறேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி, வாந்தியெடுத்து, வேறொரு தீவில் இறங்கி, ஓட்டு வாங்கி, திரும்பவும் வாந்தியெடுத்துக்கொண்டு வருவோம். எண்ணுகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் அமெரிக்காக்காரனும் ஒரு நாளில் எண்ணி முடித்துவிடுவான் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

அவர்களுக்கு ஓட்டுப்பதிவு முடிகிற ராத்திரி நேரம் எங்களுக்கு விடிகாலை. காபியோடு நான், மனைவி, லீவில் வந்திருந்த மகன், சேட்டன் நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். வெளியே மழை. நெட் வரும், போகும். அந்த மாநிலத்தின் வரைபடம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்க இறங்க ஒவ்வொரு ஜில்லாவாகச் சிவப்பாக ஆனது. சேட்டனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

"லால்! சிவப்பு!" என்றார் மெதுவாக. அப்புறம் இன்னொரு ஜில்லா. "லால்! அரே, இதுவும் லால்! அமெரிக்காவில! நான் அப்பவே சொன்னேன், தொழிலாளிக்கு ஒரு நாள் வரும்னு."

கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எழுந்து போய்க் குடையைக்கூட எடுக்காமல் பஜாருக்கு ஆட்டோ பிடித்தார். ஜிலேபிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ஜனாதிபதி, செனட்டர், கவர்னர் என்று பெரிய பதவிகள் எல்லாவற்றிலும் வித்தியாசம் மலையளவு இருந்தது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்றுகூட நான் படிக்கவில்லை. வித்தியாசத்தை மட்டும் பார்த்து அடுத்ததற்குப் போனேன். கல்யாணம் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மகன், "அப்பா, ஆடிட்டர்" என்றான்.

ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மாள், இன்னொரு பக்கம் பெரிய மீசை வைத்த மனிதர். அம்மாள் சிவப்பு, மீசைக்காரர் நீலம். ஒரு மாநிலமே ஓட்டுப் போட்டிருக்கிறது, இரண்டு பேருக்கும் நடுவே, கல்யாணத்துக்குப் பிடித்திருந்த சிப்பிகாட் ஹாலில் உட்காருகிற கூட்டம்கூட இல்லை. போதாக்குறைக்குத் தபால் ஓட்டுகள் இன்னும் எண்ணவில்லையாம். அது பல நாள் ஆகுமாம்.

உடனே மகளுக்குப் போன் போட்டேன். "என்னம்மா இது? யாரு வருவாங்க? எவ்வளவு வித்தியாசம் வரும்?"

"அப்பா, நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. வெப்சைட்ல என்ன இருக்கோ அதான்."

"நான் உன் அப்பன்டி!"

"அதனாலதான் சொல்லக்கூடாது."

இந்த நேர்மை யாரிடமிருந்து வந்ததென்று என் மனைவி என்னை முறைத்தாள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

இரண்டு நாளில் மீசைக்காரர் முந்தினார். மனைவி பூஜை அறையிலிருந்து வெற்றி முகத்தோடு வந்தாள். அவள் முதல் நாளே முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக மீசைக்காரருக்காக வேண்டிக்கொண்டாளாம். ஏனென்று கேட்டேன்.

"எங்க பெரியண்ணன் சாடை இருக்குங்க அவருகிட்ட. அந்த மீசையைப் பாருங்க."

மறுநாள் அம்மாள் முந்தினாள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெங்காலி தீதி எங்கள் வீட்டுக்கு வந்து, கவலைப்பட வேண்டாம் என்றும், தானும் காளிக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும், கண்ணாடி போட்ட அம்மாள்தான் ஜெயிப்பாள் என்றும் ஹிந்தியில் ஆறுதல் சொன்னாள். அந்த அம்மாள் தீதியின் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே இருக்கிறாளாம். என் மனைவியின் முகம் மாறியது. இருவரும் உதவி செய்யத்தான் நினைத்தார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வண்டி எங்கே நகரும்? எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. அமெரிக்காவில் இழுபறி நடப்பதற்குக் காரணம் எங்கள் தெருதான்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன்.

"பாருங்க, உங்களுக்கு யாரைப் பிடிக்கும்ங்கறது முக்கியமில்ல. யாரு முன்னால இருக்காங்களோ அவங்களுக்கே எல்லாரும் வேண்டுங்க. நமக்கு வேண்டியது வித்தியாசம். புரியுதா?"

கடைசி வீட்டுத் தெலுங்குக் காண்டிராக்டர் கேட்டைத் திறக்காமலே பதில் சொன்னார். "மை தோனோ கே லியே கரூங்கா சாப், நோ பிராப்ளம்." இரண்டு பேருக்கும் வேண்டிக்கொள்வாராம்.

"தோனோ நஹீ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "ரெண்டு பேருக்கும் வேண்டினா வித்தியாசம் எப்படிய்யா வரும்?"

தெருவை ஒரு வழிக்குக் கொண்டுவர ஒரு நாள் பிடித்தது. எல்லோரும் கண்ணாடி அம்மாளுக்கு என்று ஏற்பாடு. மறுநாள் காலை மீசைக்காரர் முந்திவிட்டார். மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போய், இப்போது மீசைக்காரருக்கு என்று மாற்றிச் சொன்னேன். தீதி கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காளியிடம் ஒரு வாரத்தில் எத்தனை தடவை மாற்றிச் சொல்வது என்று கேட்டாள். என் வீட்டிலோ இதைவிட மோசம்.

"முருகன்கிட்ட வாக்குக் கொடுத்துட்டு மாத்திப் பேசறதா? நான் என்ன கட்சிக்காரியா?" என்றாள் மனைவி. மீசைக்காரர் பின்னால் போனாலும் முன்னால் வந்தாலும் அவள் அவரை விட்டு நகரவே இல்லை. அப்படிப்பட்ட விசுவாசமான தொண்டர் அவருக்கு அவர் ஊரிலேயே கிடைத்திருக்க மாட்டார்.

சேட்டனும் நகரவில்லை. வேண்டுதலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதாம், சிவப்பை விட்டு வேறு பக்கம் போகச் சொல்லித் தன்னிடம் யாரும் கேட்கக்கூடாதாம். வாசலில் இருந்த செங்கொடியைக் கண்ணாடி அம்மாளுக்கு ஆதரவாக இன்னும் உயரத்தில் கட்டியிருந்தார். கடைசியில் என் மகன்தான் பொறுக்க முடியாமல் சொன்னான்.

"அங்கிள், அங்க சிவப்புன்னா நீங்க நினைக்கிற சிவப்பு இல்ல. அது வலதுசாரிக் கட்சியோட கலர்."

சேட்டன் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. போனில் எடுத்துக் காட்டினான். சேட்டன் நெடுநேரம் படித்தார்.

"பின்னே நம்மட கலர் எவிடே?"

"நம்ம கலர் அந்தப் படத்துலயே இல்ல அங்கிள்."

எழுந்து போய்விட்டார். மூன்று நாள் வாசலுக்கே வரவில்லை. ஜிலேபியைத் திருப்பி வாங்கவா முடியும்? நாலாம் நாள் காலையில் கொடியைப் பழைய உயரத்துக்கு இறக்கிக் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எங்கள் வீட்டுக்கு வந்து காபி கேட்டார். "அந்த மீசை எப்படி?" என்று மட்டும் விசாரித்தார்.

இதற்குள் சிப்பிகாட்டிலிருந்து சம்பந்தி வந்துவிட்டார். பந்தல், சமையல், மேளம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. நான் தேதியை உறுதி செய்யாமல் இழுத்துக்கொண்டிருந்தது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவர் குடையை மடக்கிக்கூட வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் எங்கள் தரையில் ஓடியது.

"சம்பந்தி, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா சொல்லுங்க. அமெரிக்காவுல ஆடிட்டர் யாருன்னு முடிவாகாம, சிப்பிகாட்ல என் பொண்ணு கழுத்துல தாலி ஏறாதா?"

"அப்படியில்ல சம்பந்தி..."

"அப்ப எப்படி?"

எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான். என் மனைவி சமையலறை வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள். சம்பந்தி நல்ல மனுஷன். அழுகையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, இன்னும் எத்தனை நாள்ல எண்ணி முடிப்பானுங்க?" என்று கேட்டார். போகும்போது, தன் வீட்டிலும் யாருக்கு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எண்ணி முடித்தார்கள். கண்ணாடி அம்மாள் ஜெயித்தாள். வித்தியாசம் சில நூறு ஓட்டுதான். மீசைக்காரர் கேட்டால் மறுபடி எண்ணித்தான் ஆக வேண்டும். கேட்பதற்கு அவருக்குச் சில நாள் அவகாசம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நானாக இருந்தால் கேட்பேன். ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பேன், எண்ணுகிறவன் கை ஓயும்வரை விடமாட்டேன். அந்த மனிதரும் என்னைப் போல இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. மகள் மூச்சு வாங்கப் பேசினாள்.

"அப்பா, அவர் கேக்கலப்பா. வேண்டாம்னுட்டாரு. ஜெயிச்சவங்களுக்கு வாழ்த்துச் சொல்லிட்டாரு. வெப்சைட்ல போட்டாச்சு, அதனால சொல்றேன். நான் வர்றேன்ப்பா."

நான் தெருவில் இறங்கி, "மூச்வாலா சோட் தியா!" என்று கத்தினேன். மீசைக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டார். கதவுகள் திறந்தன. தீதி பெங்காலி வழக்கப்படி மங்களச் சங்கு ஊதினாள். மனைவி உட்கார்ந்த இடத்தில் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தோற்றுவிட்டாரே, பால்குடம் உண்டா இல்லையா என்று கேட்டேன். "எங்கண்ணனும் இப்படித்தாங்க, சொத்துப் பிரிக்கையில விட்டுக்கொடுத்தாரு" என்றாள். பால்குடம் எடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தெரு விடவில்லை. சேட்டன் தலைமையில் கூடிப் பேசி, பஜாரில் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். எனக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மகள் விமானத்தில் வந்து இறங்கினாள். அவளும் அவள் அம்மாவும் கட்டிப்பிடித்து அழுது முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. இளைத்துப் போயிருந்தாள், முன்தலையில் நாலைந்து நரை. நான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல், "கப்பல்ல வந்திருந்தா சீட் கிடைச்சிருக்காது" என்று உளறினேன். அன்று எங்கள் வீட்டிலிருந்து கல்யாண ஹாலை எட்டிப் பார்க்க யாரும் போகவில்லை.

விடிகாலையில் சிப்பிகாட் ஹாலுக்குள் நுழைந்தபோது மேடையில் மாலையும் வாழைமரமும்தான் தெரிந்தன. நல்ல நேரம் நெருங்கி, மாப்பிள்ளை பெண் இருவரையும் உட்கார வைத்து, பின்னால் ஒட்டியிருந்த காகிதத் திரையை யாரோ கிழித்து இழுத்துவிட்டார்கள். சுவர் முழுக்க மீசைக்காரர். மணமக்கள் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு. "மறு எண்ணிக்கை கேட்காத மாமனிதரே! குட்வில் எஸ்டேட் மக்களின் நன்றி! நன்றி!! நன்றி!!!" என்று கொட்டை எழுத்து. அவர் கும்பிடுகிற மாதிரிப் படம் கிடைக்காததால் வேறு யாருடைய கைகளையோ கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். முகம் வெள்ளை, கும்பிட்ட கைகள் நல்ல மாநிறம்.

கூட்டம் கைதட்டியது. மகள் மட்டும் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றபடி சிலையாகிவிட்டாள்.

"அப்பா, அவரை எடுங்க."

"யாரை?"

"மேல இருக்கிறவரை. எல்லார் கையிலயும் போன் இருக்கு. இவர் படத்துக்குக் கீழ நான் நிக்கற போட்டோ ஒண்ணு வெளியே போச்சுன்னா வம்பு. அந்த ஓட்டை எண்ணினதே நான்தான்ப்பா. எண்ணினவ வீட்டுக் கல்யாணத்துல தோத்தவருக்கு நன்றின்னு பேனர் இருந்தா என்ன சொல்லுவாங்க? என்னால இதுக்குக் கீழ நின்னு முடிச்சுப் போட முடியாது."

ஐயர் நேரம் போகிறது என்றார். சேட்டன் ஓடி வந்து, கண்ணாடி அம்மாள் படத்தையும் பக்கத்தில் மாட்டிவிட்டால் சமமாகிவிடுமே என்று யோசனை சொன்னார். போர்ட் பிளேர் போய் அடித்துக்கொண்டு வருவதற்குள் மார்கழி பிறந்துவிடும். கம்பியில் முறுக்கிக் கட்டிய பேனர், அவிழ்க்க நேரமில்லை. சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மறுபடியும் அந்த ஆடிட்டரா!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, அவர்களுக்குக் கீழே விரித்திருந்த வாடகை ஜமக்காளத்தை உருவினேன். இரண்டு நாற்காலியை மேடையில் மணமக்களுக்குப் பின்னால், பேனருக்கு முன்னால் தூக்கிப் போட்டேன். ஒன்றில் நான் ஏறினேன், இன்னொன்றில் சம்பந்தி ஏறினார். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மீசைக்காரரின் முகத்துக்கு முன்னால் தூக்கினோம்.

"கட்டுங்கய்யா, மேளம்!" என்றார் சம்பந்தி.

கெட்டிமேளம் முழங்கியது. எங்களுக்கு முன்னால் ஜமக்காளம், பின்னால் மீசைக்காரர். தூசி மூக்கில் ஏறியது. பெற்றவர்கள் அட்சதை போட வேண்டிய நேரத்தில் என் இரண்டு கையும் ஜமக்காளத்தில். எதற்காக ஒரு தெருவையே ஆட்டிப் படைத்தேனோ, எதற்காக முன்பின் தெரியாத இரண்டு பேரின் ஓட்டைத் தூக்கத்தில்கூடக் கூட்டிக் கழித்தேனோ, அது எனக்கு ஒரு கை தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட ஜமக்காளம்தான் தெரிந்தது.

"போட்டாளா சம்பந்தி?" என்றேன்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல. என் பொண்ணு அழறா மாதிரி இருக்கு."

"போட்டுட்டாங்க! ரெண்டையும் போட்டுட்டா!" என்று ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல்.

உடனே மகளின் குரல். "இரும்மா. சரியா இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

மேளக்காரர்கள் நிறுத்தவில்லை, அவள் பார்த்து முடிக்கும்வரை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நாற்காலியில் நின்றபடி நான் அழுதேன். துடைக்கக் கை இல்லை. சம்பந்தியும் அதே கதிதான்.

மகளுக்குக் கிடைத்த லீவு கொஞ்சம்தான். வந்த வேகத்தில் போய்விட்டாள். மகன் கப்பலேறினான். மருமகள் எங்களோடு இருக்கிறாள். பேனரைச் சம்பந்தி வீணாக்கவில்லை, தோட்டத்தில் கோழிக்கூட்டுக்கு மேல் கட்டியிருக்கிறார். மழைக்கு நன்றாகத் தாங்குகிறதாம்.

முடிச்சுப் போடுகிற போட்டோ ஒன்றை மகள் தன் ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறாள். அதில் எல்லோரும் இருக்கிறார்கள், சம்பந்தியும் நானும் தவிர. ஜமக்காளம் கொஞ்சம் குட்டை. மீசைக்காரரின் முகம் மறைந்துவிட்டது. அதற்குக் கீழே அந்த மாநிறக் கும்பிட்ட கைகள் மட்டும், சரியாக என் மகளின் தலைக்கு மேலே, வெளியே தெரிகின்றன. ஆபீஸில் யாரோ அது யாருடைய கைகள் என்று கேட்டார்களாம்.

"என்னம்மா சொன்னே?" என்று போனில் கேட்டேன்.

"எங்கப்பாவோடதுன்னு சொல்லிட்டேன்ப்பா. பொய்தான்."

பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஐப்பசியிலிருந்து கார்த்திகை வரை நான் அப்படித்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த தேர்தல் எப்போது என்று அவளிடம் கேட்டேன். அதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னேன்.